ஒற்றைத் தாளில் எண்பத்தைந்து

மணல் யார்டில் அவளை எல்லோரும் எடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஜன்னல், ஒரே நாற்காலி. வெளியே எடைமேடையில் லாரி ஏறி நிற்கும். உள்ளே அவள் கண்ணுக்கு முன்னால் எண்கள் ஓடி ஓரிடத்தில் நிற்கும். காலி வண்டிக்கு ஒரு எடை, லோடு ஏற்றிய வண்டிக்கு ஒரு எடை, கழித்தால் வருவது மணல். "கொஞ்சம் பாத்துப் போடுக்கா" என்று இளிக்கிற டிரைவர்களிடம், "நான் எங்க போடறேன், மெஷின்தானே போடுது" என்பாள். ஒரு கிலோ கூட்டியும் எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை. முதலாளி தம்பி வந்து கேட்டபோதும் எழுதவில்லை. கறார்க்காரி என்று பேர் வாங்கியவள். அப்பேர்ப்பட்டவள் சொந்த வீட்டுக் குளியலறை விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போடப் போன இடது கை பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் இடது காலும் அதன் வழியிலேயே போனது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பேச்சு குழறினாலும் புரியும். சக்கர நாற்காலி ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தாள். நல்ல கையால் சக்கரத்தைத் தள்ளி, நல்ல காலால் தரையை உந்தி, கூடத்துக்கும் படுக்கையறைக்குமாக அவர் ஓட்டிப் பழகினார். பஸ் ஓட்டிய ஆள்தானே, திருப்பத்தில் சுவரில் இடிக்காமல் வளைத்துவிட்டார் என்றால் முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரியும்.

ஆனால் குளியலறை வாசலோடு எல்லாம் நின்றுபோகும். அது வீட்டின் பின்புறம், படுக்கையறைச் சுவரை ஒட்டி இருந்தது. உள்ளே போக முக்கால் அடி உயரத்தில் ஒரு படி. கதவோ, நல்லபடி இருக்கிறவர்களே கொஞ்சம் ஒருக்களித்து நுழைகிற அகலம். அதனால் கட்டில் பக்கத்தில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, கீழே வாளி வைத்திருந்தாள். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஊசிக்கோ மாத்திரைக்கோ ஒருநாளும் முகம் சுளிக்காத மனுஷன், ஒருநாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கக்கூசுக்கு நானே போகணும். இந்த வண்டியிலயே உக்காந்து, நானே தள்ளிக்கிட்டுப் போகணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் இது வேண்டும் என்று கேட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவள் மறுநாளே யார்டு ஆபீசில் கடனுக்கு எழுதிக் கொடுத்தாள். மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், இரண்டு வருஷத்துக்கு.

மேஸ்திரியைப் பற்றிச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டு அடுப்படியை அவர்தான் கட்டினாராம், கையில் எடுத்த வேலையைக் கண்ணாடி மாதிரி முடிப்பாராம். மேஸ்திரி வந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும், மெலிந்த ஆள், குரலை உயர்த்தாத பேச்சு. இடுப்பில் அளவு நாடா தொங்கினாலும் ஜாணால்தான் அளந்தார். சக்கர நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். கட்டிலில் கிடந்தவரிடம், "கவலையே படாதீங்கண்ணா, பஸ் போற மாதிரி ரோடு போட்டுக் குடுத்துடறேன்" என்றார். படுத்திருந்த பஸ் டிரைவர் ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எடையக்கா பாதி விழுந்துவிட்டாள்.

படியை எடுத்துச் சரிவு போடுவது, கதவை அகலப்படுத்துவது, உட்காருகிற கழிப்பறை, பிடித்துக்கொள்ள இரண்டு ஸ்டீல் கம்பி, வழுக்காத டைல்ஸ். எண்பத்தைந்தாயிரம், பத்தே நாள் என்றார். எழுதிக் கொடுங்கள் என்று இவள் கேட்டாள். கேட்கத்தான் செய்தாள், அதில் குறையில்லை. அவர் சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'பாத்ரூம் வேலை – 85' என்று எழுதி, கீழே கோழி கிறுக்கியதுபோல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான சீட்டில் வண்டி நம்பர் முதல் நேரம் வரை பார்த்துப் பார்த்து எழுதுகிறவள், அந்த ஒற்றைத் தாளை மடித்து மருந்துச் சீட்டுகளோடு வைத்தாள். அட்வான்ஸ் நாற்பதாயிரம் கைமாறியது.

முதல் நாளே எல்லாவற்றையும் உடைத்துவிட்டார்கள். அதில் மட்டும் சுணக்கமே இல்லை. ஒரு கொத்தனார், ஒரு சித்தாள் பெண். படி போனது, கதவு போனது, பழைய பீங்கான் போனது, பாதிச் சுவர் போனது. சாயங்காலம் பார்த்தால் குளியலறை இருந்த இடத்தில் ஒரு குழியும் அதன் நடுவில் கறுத்துப்போன குழாயும்தான் மிச்சம். மேஸ்திரி இவளைக் கூப்பிட்டுக் காட்டினார். குழாய் மக்கிவிட்டதாம், தெரு வரைக்கும் மாற்ற வேண்டுமாம். "உடைச்சுப் பாத்தாத்தானேக்கா உள்ள இருக்கறது தெரியும்" என்றார். அதற்கு இருபத்தைந்தாயிரம் தனி. குழாய் மக்கித்தான் இருந்தது, இவளே கண்ணால் பார்த்தாள். கொடுத்தாள்.

அப்புறம் ஆள் வருவதும் வராததும் மேஸ்திரி வைத்ததே சட்டம் என்று ஆனது. இரண்டு நாள் வருவார்கள், நான்கு நாள் வர மாட்டார்கள். போன் போட்டால், சாமான் வரவில்லை, கொத்தனாருக்குக் காய்ச்சல், டைல்ஸ் கடை பூட்டியிருக்கிறது. பத்து நாள் இருபது நாளானது. வேறு இடத்தில் மாடி வீடு ஒன்று பிடித்திருக்கிறார், ஆட்கள் அங்கே போகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து காதில் போட்டாள். கழிப்பறைச் சாமான் விலை ஏறிவிட்டது என்று இன்னொரு முப்பதாயிரம் வாங்கிப் போனார். கொடுக்காவிட்டால் குழி குழியாகவே கிடக்கும். இவள் கழுத்து அவர் கையில் இருந்தது, அது அவருக்கும் தெரிந்திருந்தது.

எடையக்கா பக்கத்து வீட்டில் குளித்துவிட்டு வேலைக்குப் போய்வந்தாள், பாதி நாள் லீவு போட்டாள். தூசி கொஞ்சநஞ்சமில்லை. நடுச்சுவரில் கைநுழைகிற அளவுக்கு ஓட்டை. ஈரத் துணி கட்டிப் பார்த்தாள், பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பார்த்தாள். காலையில் எழுந்தால் அவர் தலையணை மேல் மாவு சலித்ததுபோல ஒரு படலம் இருக்கும். அவர் இருமத் தொடங்கினார்.

அந்த நாட்களில் ஒரே உதவி அந்தச் சித்தாள் பெண். முப்பது வயசுகூட இருக்காது, செங்கல் சுமந்து காய்த்த கை. வருகிற நாளெல்லாம் காலையிலும் சாயங்காலமும், யாரும் கேட்காமலே கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவாள். "நீங்க காலப் பிடிங்கக்கா, நான் தோளப் பாத்துக்கறேன்" என்று டிரைவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் கொடுப்பாள். அவள் வராத நாட்களில் எடையக்கா ஒற்றை ஆளாகத் திண்டாடினாள்.

இருபத்தாறாம் நாள் விடிகாலையில் அது நடந்தது. வேலை நின்று ஆறு நாளாகியிருந்தது. அவரைத் தூக்கும்போது இவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் கட்டிலுக்கும் ஓட்டை நாற்காலிக்கும் நடுவில் சரிந்தார், வாளி கவிழ்ந்தது. இவளால் அவரை எழுப்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வருகிறவரை முக்கால் மணி நேரம் அவர் அந்த ஈரத்திலேயே கிடந்தார். வலது கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அவரைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

"எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல மேஸ்திரி. எப்படியாவது முடிச்சுக் குடுத்துடுங்க" என்றாள்.

"அப்படிச் சொல்லுங்கக்கா" என்றார் அவர். "நாளைக்கே ஆள் நிக்கும்."

ஆள் நின்றது, மூன்று நாள். பாதிச் சுவருக்கு டைல்ஸ் ஏறியது. முப்பத்தோராம் நாள் டிரைவருக்குக் காய்ச்சல் கண்டு, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நெஞ்செல்லாம் சளி கட்டியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

தூசியால் இப்படி வருமா என்று எடையக்கா டாக்டரைக் கேட்டாள். படுக்கையிலேயே இருக்கிறவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்றார். தூசியாலா என்று மறுபடியும் கேட்டாள். அதையெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாதம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். ஆம் என்று சொல்லியிருந்தால் மேஸ்திரியைத் திட்டித் தீர்த்திருக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் விட்டுவிட்டார் அந்த மனுஷர்.

மேஸ்திரி சாவுக்கு வந்தார். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை என்றுதான் எடையக்காவுக்குத் தோன்றியது. எல்லாம் முடிந்து, வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. வேலையை நிறுத்து என்று மேஸ்திரியிடம் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. நாற்பது நாளில் முடியாத வேலையை, வீட்டில் ஆள் இல்லாத பத்து நாளில் அவர் முடித்துவிட்டார்.

இவள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு முழுக்க சிமென்ட் வாசம். பின்பக்கம் போய்ப் பார்க்க மனசு வரவில்லை. நான்கு நாள் பக்கத்து வீட்டிலேயே குளித்தாள். ஐந்தாம் நாள் பில் வந்தது.

எழுதிக் கேட்டபோது கிழிசல் தாளில் கிறுக்கிக் கொடுத்தவர், இப்போது கம்ப்யூட்டரில் அடித்து மூன்று பக்கம் அனுப்பியிருந்தார். வரிசை எண் போட்டு முப்பத்தேழு ஐட்டம். மொத்தம் இரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு. வாங்கியது தொண்ணூற்றைந்தாயிரம் போக, பாக்கி ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. பதினைந்து நாளைக்குள் செலுத்தவும் என்று கடைசி வரி.

எடையக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பில்லை எடுத்துக்கொண்டு, முதல்முறையாகக் குளியலறைக்குப் போனாள். ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம். டைல்ஸ் வரிசை பிசகாமல் இருந்தது. கம்பி இரண்டும் இருந்தன, ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. சரிவும் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது கதவு நிலையைப் பார்த்தாள். ஏதோ உறுத்தியது. படுக்கையறை மூலையில் மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலியை விரித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். சரிவில் சுலபமாக ஏறியது. வாசலில் டக்கென்று நின்றது.

சுவரை அளவுக்கு உடைத்திருக்கிறார்கள். ஆனால் நிலைச் சட்டத்தை வெளிப்பக்கம் வைக்காமல் உள்ளே வைத்துப் பூசிவிட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை விரல் குறைந்துவிட்டது. பின்னுக்கு இழுத்து நேராக்கித் தள்ளிப் பார்த்தாள். சக்கரத்தின் வெளி வளையம் இரண்டு பக்கமும் மரத்தில் போய் முட்டியது. அவர் உயிரோடு இருந்திருந்தாலும், இந்த வாசல் வரைக்கும் தானே தள்ளிக்கொண்டு வந்து இங்கேதான் நின்றிருப்பார். எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. அடுப்பில் வைத்த பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாசம் வந்த பிறகுதான் நகர்ந்தாள்.

மகளிடம் போனில் சொன்னாள். மகள் கொதித்தாள். ஒரு காசு கொடுக்கக்கூடாது, அப்பாவைக் கொன்றவனே அவன்தான் என்றாள். மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டு, கொடுத்துத் தொலைத்துவிடு, தனியாக இருக்கிறாய், அந்த ஆட்களோடு உன்னால் மல்லுக்கட்ட முடியாது, பாதி நான் போடுகிறேன் என்றாள். இரண்டுமே அன்பில் சொன்னதுதான். இரண்டும் எடையக்காவுக்கு ஒத்துவரவில்லை. கொன்றான் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை, அவன் கேட்டதைக் கொடுக்கவும் முடியவில்லை.

நுகர்வோர் புகார் வாங்குகிற ஆபீஸ் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா கிழிசல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எண்பத்தஞ்சு என்னம்மா? எண்பத்தஞ்சு செங்கல்லா?" என்றார். கேலி செய்யவில்லை, எதிர்க்கட்சி வக்கீல் இப்படித்தான் கேட்பார் என்றார். மனு கொடுக்கலாம், இரண்டு வருஷம் இழுக்கும். படிவத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அந்தச் சித்தாள் பெண் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. ஒன்பது நாள் கூலி பாக்கியாம். கேட்டால், அந்த வீட்டில் எனக்குப் பணம் வரவில்லை, நான் எங்கே போவேன், அந்தம்மாவையே போய்க் கேள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். "உங்ககிட்ட கேக்க வாயே வரலக்கா" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. எடையக்கா அவளிடம் நாள் எத்தனை, கூலி எவ்வளவு என்று கேட்டு, ஆறாயிரத்து முந்நூறை எண்ணி அவள் கையில் கொடுத்தாள். புருஷனைத் தூக்கிவிட்டதற்கு என்று தனியாக ஏதாவது கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அதற்கு ஒரு விலை வைக்க அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் போகிறபோது, "அண்ணன் என்னை 'கண்டக்டர்'னு கூப்பிடுவாரு" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குத்தான் எடையக்கா முடிவெடுத்தாள். யார்டில் மத்தியான இடைவேளையில் பழைய சீட்டுக் கட்டுகளை எடுத்து விரித்தாள். அவள் லீவில் இருந்த நாட்களில் வேறு ஆள் எழுதிய சீட்டுகள். பில்லில் மணல் மூன்று லோடு என்று இருந்தது. மேஸ்திரி பெயரில் மூன்று லோடு போனது உண்மைதான், மூன்றும் ஒரே டிப்பர். அந்த டிப்பர்க்காரனை ஜன்னலருகே நிறுத்திக் கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை. அக்கா வீட்டுத் தெருவில் இறக்கியது அரை லோடுதான், மீதியெல்லாம் அந்த மாடி வீட்டுக்கு என்றான்.

மேஸ்திரியை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னாள். வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார். டீ கொடுத்தாள், குடித்தார். பில்லை விரித்தாள்.

"மணல் மூணு லோடுன்னா பன்னெண்டு டன். சிமென்ட் அறுவத்திரண்டு மூட்டைன்னா மூணு டன்னு. பதினஞ்சு டன். ஆறுக்கு எட்டு அறை அது மேஸ்திரி. அவ்வளவும் உள்ள போயிருந்தா நாம நிக்கவே இடம் இருக்காது."

அவர் முதலில் மழுப்பினார். வண்டி ஒன்றாக வந்தது, கணக்குப் பையன் மாற்றி அடித்துவிட்டான் என்றார். டிப்பர்க்காரன் சொன்னதை இவள் சொன்னதும் மணலை விட்டுவிட்டு வேறு பக்கம் தாவினார். கொத்தனார் கூலி ஏறிவிட்டது, டைல்ஸ் ஏறிவிட்டது. இவள் ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். பாதியில் அவர் பெருமூச்சு விட்டார்.

"உண்மையச் சொல்லட்டுமாக்கா? இந்த வேலை எண்பத்தஞ்சுக்கு ஆகாது. ஒரு லட்சத்து இருபதாவது ஆகும். அத அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க வேற ஆளப் பாத்திருப்பீங்க. எல்லாரும் கொறச்சு சொல்லித்தான் உள்ள நுழையறோம். நான் மட்டும் யோக்கியனா இருந்தா என் புள்ளைங்க பட்டினிதான்."

"சரி. ஒண்ணு இருபதுன்னே வச்சுக்கங்க. ரெண்டு முப்பத்திநாலு எப்படி வந்துச்சு?"

அவர் டம்ளரை ஓரமாகத் தள்ளிவைத்தார். அப்புறம் குரலை உயர்த்தாமலேயே சொன்னார். "நீங்கதானேக்கா சொன்னீங்க. எவ்வளவு ஆனாலும் பரவாயில்லன்னு."

எடையக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். நான் எப்போது சொன்னேன் என்று ஒரே வார்த்தையில் மறுத்திருக்கலாம். சாட்சி கிடையாது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக விழுந்த எண்ணை விழுந்தபடியே எழுதிய கை அது.

"சொன்னேன்" என்றாள். "அவர் தரையில கெடந்தாரு அன்னிக்கு. சொன்னேன்."

மேஸ்திரி எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் எழுந்து படுக்கையறைக்குப் போய்ச் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"இத உள்ள தள்ளிக் காட்டுங்க. போச்சுன்னா நீங்க கேக்கற பணத்த எப்படியாவது பொரட்டிக் குடுத்துடறேன்."

அவர் சாதாரணமாகத்தான் எழுந்தார். தள்ளிக்கொண்டு போனார். மரத்தில் முட்டும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. இன்னொரு தடவை கேட்டது. இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவும் சத்தமும் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"அந்த வளையத்தக் கழட்டிட்டா போயிடும்" என்றார்.

"அதப் பிடிச்சுத்தான் அவர் தள்ளுவாரு" என்றாள்.

அவள் தன் கணக்கைத் தாளில் எழுதிவைத்திருந்தாள். எண்பத்தைந்து, குழாய்க்கு யார்டு பக்கத்துக் கடை விலைப்படி பதினெட்டு, கழிப்பறைச் சாமான் விலை ஏற்றம் ஒன்பது. ஆக ஒன்று பன்னிரண்டு. கொடுத்தது போக, சித்தாளுக்குக் கொடுத்தது போக, பாக்கி பத்தாயிரத்து எழுநூறு. கதவுக்கு எதுவும் கழிக்கவில்லை. கழித்தால் எவ்வளவு கழிப்பது? கவரில் போட்டு மேசை மேல் வைத்தாள். மேஸ்திரி அதைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் இரண்டு தடவை இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, தெரு கேட்கிற மாதிரி வாசலில் நின்று பேசினார். உழைத்த காசைச் சாப்பிடுகிறவர்கள் நன்றாக இருக்க மாட்டார்கள் என்று கூட வந்தவன் சொன்னான். எடையக்கா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கிறவரை நிலைப்படியில் நின்றாள். மூன்றாவது தடவை அவர் தனியாக வந்தார், தெருக் கேட்டுக்கு உள்ளே கால் வைக்கவில்லை. கையை நீட்டினார். கவரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முழுப்பணமும் வாங்கிக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். முடியாது என்றார். சரி என்றாள்.

அவர் போகிற இடமெல்லாம் அவள் கூலியை ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரி பேச்சைக் குறைத்துக்கொண்டாள், நல்ல ஆளைக் கெட்டவனாக்கிவிட்டாள் என்று அவளுக்கு மனத்தாங்கல். குளிக்கப் போவதற்குக் கூச்சமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் எடையக்கா தன் வீட்டுக் குளியலறையிலேயே குளிக்கத் தொடங்கினாள். முதல் நாள் கதவைச் சாத்தாமல் குளித்தாள், சாத்த மனம் ஒப்பவில்லை. நாளாக ஆக அதுவும் பழகியது. கடன் மட்டும் மாதம் தவறாமல் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தது. மகள் போனில் இந்தப் பேச்சை எடுப்பதில்லை, இவளும் எடுப்பதில்லை.

யார்டில் விஷயம் எப்படியோ பரவியது. கல் உடைக்கிற கிரஷர் பக்கத்து ஆட்கள், டிரைவர்கள், காவல்காரர், யார் வீட்டிலாவது பெயின்ட் அடித்தாலோ கூரை மாற்றினாலோ பில்லைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். சாப்பாட்டு டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்துச் சொல்வாள். இந்த மூட்டைக் கணக்கு உதைக்கிறது, இந்தக் கம்பி நீளம் உங்கள் வீட்டையே நாலு சுற்றுச் சுற்றும் என்பாள். சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வேலையை ஆரம்பிக்கும் முன்னால் வருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் தவறாமல் சொல்லுவாள்.

"என்ன வேணாலும் பேசுங்க. அவசரம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

கடனில் இன்னும் ஐந்து தவணை பாக்கி இருந்த சமயம், டிப்பர் ஓட்டுகிற ஒருவன் வந்தான். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, படி எடுக்க வேண்டும், ஒரு ஆள் எழுபது சொல்கிறான், சரிதானா என்று கேட்டான். எடையக்கா அளவெல்லாம் கேட்டுவிட்டு, வழக்கமாகச் சொல்லுவதைச் சொன்னாள்.

அவன் தாளை மடித்தபடி நின்றான். "அவசரமாத்தானேக்கா இருக்கு" என்றான்.

அவள் அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அம்மாவை இப்போது யார் தூக்குகிறார்கள் என்று கேட்டாள். நான்தான், வண்டி எடுக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை, விட்ட பிறகு ஒரு தடவை என்றான். நடுவில்? நடுவில் அப்படியே கிடக்கிறாள் என்றான். வெளியே மேடையில் ஏறி நின்ற லாரி ஹாரன் அடித்தது. எடையக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண் ஓடி நிற்கிறவரை பார்த்திருந்து, சீட்டில் எழுதினாள்.